புட்டியில் அடைத்த மான் வாசனை: கோமியம் வாங்குவோருக்கும் கிடா இரவல் வாங்குவோருக்கும் ஓர் எச்சரிக்கை

வெள்ளாடு வளர்ப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. பருவத்துக்கு வந்த பெட்டை ஆடு சிறுநீர் விட்டதும் கிடா ஓடி வந்து முகரும். பிறகு மேல் உதட்டைச் சுருட்டி, கழுத்தை நீட்டி, தலையைத் தூக்கிக்கொண்டு சிறிது நேரம் அப்படியே நிற்கும். காளையும் எருமைக் கிடாவும் இதையே செய்யும். வாயின் மேல் அண்ணத்தில் இருக்கும் ஒரு சிறிய உறுப்புக்கு அந்த வாசனையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகத்தான் இப்படி உதட்டைச் சுருட்டுகிறது. பெட்டை பருவத்தில் இருக்கிறதா, இல்லையா என்பதை அந்த உறுப்பு சொல்லிவிடும்.

மானும் ஆடு, மாடு போல அசைபோடும் விலங்குதான். அதுவும் இதே முறையில்தான் துணையைக் கண்டுபிடிக்கிறது. இந்த இயல்பை வைத்து அமெரிக்காவில் ஒரு வியாபாரமே நடக்கிறது. பண்ணையில் வளர்க்கும் மான்களின் சிறுநீரைச் சேகரித்து, சிறு புட்டிகளில் அடைத்து, வேட்டைக்காரர்களுக்கு விற்கிறார்கள். காட்டில் அதைத் தெளித்தால் ஆண் மான் தேடி வரும் என்பது நம்பிக்கை.

அங்குள்ள மான் வேட்டைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். கால்நடையின் உடலிலிருந்து வரும் ஒரு பொருள், ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகும்போது அதோடு என்னென்ன சேர்ந்து போகலாம் என்ற கேள்வி அங்கே பெரிதாக எழுந்தது. பல மாநில அரசுகள் தடை போடும் அளவுக்குப் போனது. நம் ஊரிலும் கோமியம் விலைக்குப் போகிறது. கிடா இரவலுக்குப் போகிறது. ஆகவே இது நமக்கும் உதவும் பாடம்.

மான்கள் பேசும் வாசனை மொழி

அமெரிக்காவில் அதிகம் வேட்டையாடப்படுவது வெள்ளைவால் மான். ஓடும்போது வாலைத் தூக்கும். வாலின் அடிப்பக்கம் வெள்ளையாகத் தெரியும். அதனால் இந்தப் பெயர். வட மாநிலங்களில் நவம்பர் மாதம் இதன் இனச்சேர்க்கைக் காலம். பெண் மான் ஒரு முறை பருவத்துக்கு வந்தால் ஏறத்தாழ ஒரு நாள்தான் அது நீடிக்கும். அப்போது சேரவில்லை என்றால் சுமார் நான்கு வாரம் கழித்துத்தான் அடுத்த வாய்ப்பு. சினைக்காலம் ஏறத்தாழ 200 நாட்கள்.

ஒரு நாள் வாய்ப்பைத் தவறவிடாமல் இருக்க ஆண் மானுக்கு மூக்குதான் துணை. அதன் உடலில் பல இடங்களில் வாசனைச் சுரப்பிகள் உண்டு. கண்ணின் ஓரத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று, குளம்புகளின் இடுக்கில் ஒன்று. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது பின்னங்காலின் நடு மூட்டில், உள்பக்கமாக இருக்கும் முடிக்கற்றை. ஆண் மான் பின்னங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு, அந்த முடியின் மேல் படும்படி சிறுநீர் விடும். நாளாக நாளாக அந்த இடம் கறுத்து, வீச்சம் அடிக்கத் தொடங்கும். பருவக் காலத்தில் கிடா ஆடு தன் முன்னங்கால், தாடியின் மேல் சிறுநீர் பீய்ச்சிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான்.

ஆண் மான் இன்னொன்றும் செய்யும். தலை உயரத்தில் தாழ்ந்து தொங்கும் ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து, அதை நக்கி, கடித்து, நெற்றியால் உரசும். கிளைக்கு நேர் கீழே தரையைக் குளம்பால் பறித்து, இலைதழையை ஒதுக்கி, வெறும் மண்ணில் சிறுநீர் விட்டுப் போகும். இதே இடத்துக்கு வேறு ஆண் மான்களும் வரும், பெண் மான்களும் வரும். எல்லாம் முகரும், நக்கும், தங்கள் அடையாளத்தை விட்டுப் போகும். ஊர்ப் பொதுவில் இருக்கும் அறிவிப்புப் பலகை போல இதை நினைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் இரவில்தான் இந்தப் போக்குவரத்து நடக்கும்.

இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பல மான்கள் ஒரே மண்ணை முகர்ந்து, ஒரே கிளையை நக்கும் இடம் இது. பின்னால் சொல்லப்போகும் நோய்க் கதைக்கு இதுதான் முக்கியம்.

வேட்டைக்காரர் கையில் வாசனை

அமெரிக்காவில் உரிமம் பெற்று, குறித்த மாதங்களில், குறித்த எண்ணிக்கைக்குள் மான் வேட்டையாடச் சட்டம் இடம் தருகிறது. மான்கள் பெருகி மக்காச்சோளம், சோயா மொச்சை வயல்களை மேய்ந்துவிடுகின்றன. சாலையில் வண்டிகளில் மோதுகின்றன. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வேட்டையை ஒரு வழியாக அந்த அரசுகள் வைத்திருக்கின்றன.

துப்பாக்கி வைத்திருப்பவர் தூரத்திலிருந்தே சுடலாம். வில் அம்பு வேட்டைக்காரருக்கு மான் இருபது, முப்பது மீட்டர் தூரத்துக்குள் வந்தாக வேண்டும். மானோ மனித வாடையைக் காற்றிலேயே கண்டுகொண்டு ஓடிவிடும். அதனால்தான் வாசனைக்கு இவ்வளவு மதிப்பு.

இரண்டு விதமாக இதைப் பயன்படுத்துகிறார்கள். முதலாவது, மனித வாடையை மறைப்பது. மண் வாசனை, பைன் மர வாசனை, நரியின் சிறுநீர் போன்றவற்றைச் செருப்பிலும் உடையிலும் தடவிக்கொள்வார்கள். இரண்டாவது, மானை வரவழைப்பது. பருவத்தில் இருக்கும் பெண் மானின் சிறுநீரைப் பஞ்சுத் திரியில் நனைத்து மரத்தில் தொங்கவிடுவார்கள். அல்லது துணியில் நனைத்துக் கயிற்றில் கட்டி, நடந்து வரும் பாதை நெடுக இழுத்து வருவார்கள். சிலர் தாங்களே மண்ணைப் பறித்து, மான் பறித்தது போல ஒரு போலி இடத்தை உண்டாக்கி அதில் ஊற்றுவார்கள்.

இது எந்த அளவுக்கு வேலை செய்யும் என்பதில் வேட்டைக்காரர்களிடையே ஒத்த கருத்து இல்லை. காற்று எதிர்த் திசையில் வீசினால் எந்த வாசனையும் பயன் தராது. புட்டி பழசாகிவிட்டால் கிருமிகள் பெருகி, அம்மோனியா வாடைதான் மிஞ்சும். நம் தொழுவத்துக் கோமியம் நாள்பட்டால் மூக்கைத் துளைக்குமே, அதே வாடை. இருந்தாலும் 30 முதல் 60 மில்லி வரை அடங்கிய சிறு புட்டிகள் பருவக் காலத்தில் கடை கடையாக விற்கின்றன.

பண்ணையில் எப்படிச் சேகரிக்கிறார்கள்?

மான் பண்ணைகளில் பெண் மான்களைச் சேகரிப்புக் கொட்டிலில் அடைத்து வைக்கிறார்கள். தரை கம்பி வலையாகவோ, இடைவெளி விட்ட பலகையாகவோ இருக்கும். பரண் மேல் ஆடு வளர்ப்பவர்களுக்கு இந்த அமைப்பு புரியும். சிறுநீர் கீழே உள்ள சரிவான தகட்டில் விழுந்து, வழிந்து, தொட்டிக்கு வந்துவிடும். அதை வடிகட்டிக் குளிரூட்டி வைத்து, பிறகு புட்டிகளில் அடைப்பார்கள்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, சிறுநீர் விழும் வழியில் சாணமும் எச்சிலும் கலக்காமல் தடுப்பது சிரமம். இரண்டாவது, பல மான்களின் சிறுநீர் ஒரே தொட்டியில் சேருகிறது. ஒரு மானுக்கு நோய் இருந்தால் அந்தத் தொட்டி முழுவதும் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும். அங்கிருந்து நூற்றுக்கணக்கான புட்டிகள், பல மாநிலங்களில் உள்ள காடுகளுக்குப் போகும்.

மானை மெலியவைத்துக் கொல்லும் நோய்

1967-ஆம் ஆண்டு கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் நகரை ஒட்டிய ஒரு வனவிலங்கு ஆய்வு நிலையத்தில், அடைத்து வளர்த்த மான்கள் காரணம் தெரியாமல் மெலிந்து செத்தன. தீவனம் சரியில்லையோ என்று முதலில் நினைத்தார்கள். எலிசபெத் வில்லியம்ஸ் என்ற கால்நடை நோய்க்குறியியல் ஆய்வாளர் செத்த மான்களின் மூளையைப் பார்த்தபோது, அது பஞ்சு போலத் துளை துளையாக இருந்தது. 1978-இல் இது ஆடுகளுக்கு வரும் ஸ்க்ரேபி நோயின் வகையைச் சேர்ந்தது என்று தெரிந்தது. நாள்பட்ட மெலிவு நோய் என்று இதைச் சொல்லலாம்.

இந்த நோய்க்குக் காரணம் பாக்டீரியாவும் அல்ல, வைரஸும் அல்ல. பிரியான் என்ற ஒரு புரதம். உடலில் இயல்பாக இருக்கும் புரதம் தவறாக மடிந்துகொள்கிறது. அது பக்கத்தில் உள்ள நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மடியவைக்கிறது. மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகிறது. ஒரு காலத்தில் இங்கிலாந்தை ஆட்டிவைத்த 'மேட் கவ்' நோயும் இந்த வகைதான்.

நோய் உடலுக்குள் போய் ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு கழித்துத்தான் மானிடம் அறிகுறி தெரியும். உடல் மெலியும், எச்சில் ஒழுகும், தலை தொங்கும், தள்ளாடும். தடுப்பூசி கிடையாது. மருந்து கிடையாது. வந்தால் சாவுதான். மனிதருக்கு இது வந்ததாக உறுதி செய்யப்பட்ட நிகழ்வு இல்லை. ஆனாலும் நோயுள்ள மானின் இறைச்சியைச் சாப்பிட வேண்டாம் என்றுதான் அமெரிக்கச் சுகாதாரத் துறை சொல்கிறது.

விவசாயிகள் கவனிக்க வேண்டியது இதற்கு மேல்தான் இருக்கிறது. அறிகுறி தெரிவதற்கு முன்பே, வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும் மான்கூட எச்சில், சாணம், சிறுநீர் வழியாகப் பிரியானை வெளியேற்றுகிறது. அது மண்ணில் விழுந்தால் மக்கிப் போவதில்லை. களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கொதிக்கவைத்தாலும் வழக்கமான கிருமிநாசினி ஊற்றினாலும் போகாது.

1981-இல் கொலராடோவின் காட்டு எல்க் மானிடம் இந்த நோய் தெரிந்தது. 2002-இல் வெகு தொலைவில் உள்ள விஸ்கான்சின் மாநிலத்தில் தெரிந்தது. இன்று 30-க்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்களில் இருக்கிறது. கனடாவிலிருந்து வாங்கிய பண்ணை எல்க் மான்கள் மூலம் தென் கொரியாவுக்கே போய்ச் சேர்ந்தது. 2001-இல் அங்கே கண்டுபிடித்தார்கள். ஐரோப்பாவில் முதல் முறையாக 2016-இல் நார்வே நாட்டில், காட்டுக் கலைமான் ஒன்றிடம் தெரிந்தது. நார்வே அரசு நோய் தெரிந்த பகுதியில் இருந்த காட்டுக் கலைமான் மந்தை முழுவதையும், 2,000-க்கும் மேற்பட்ட மான்களை, அழித்துவிட்டது. பிறகு அந்த மலைப்பகுதியை மான் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தரிசு போட முடிவு செய்தது.

புட்டிக்கு வந்த தடை

மான் சிறுநீர்ப் புட்டியால்தான் ஒரு காட்டில் இந்த நோய் வந்தது என்று நிரூபிக்கப்பட்ட நிகழ்வு இல்லை. சிறுநீரில் இருக்கும் பிரியானின் அளவு, மூளையில் இருப்பதோடு ஒப்பிட்டால் மிக மிகக் குறைவு. மான் சிறுநீர் தயாரிப்பவர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

அரசுகளின் கவலை வேறு. மேலே சொன்ன அறிவிப்புப் பலகை இடத்தை நினைத்துப் பாருங்கள். சுற்றுவட்டார மான்கள் எல்லாம் வந்து முகர்ந்து நக்கும் மண்ணில், எங்கோ ஒரு பண்ணையில் சேகரித்த சிறுநீரை ஊற்றுகிறோம். அதில் நோய் இருந்தால், அந்த மண்ணை யாராலும் கழுவி எடுக்க முடியாது. சிறிய வாய்ப்புதான். ஆனால் நடந்துவிட்டால் திருத்த வழியில்லை. இதுதான் வாதம்.

வர்ஜீனியா மாநிலம் 2015-இலும், வெர்மான்ட் மாநிலம் 2016-இலும் இயற்கையான மான் சிறுநீரை வேட்டைக்குப் பயன்படுத்தத் தடை விதித்தன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் தடை உண்டு. பென்சில்வேனியாவில் நோய் தெரிந்த பகுதிகளுக்குள் மட்டும் தடை. சில மாநிலங்கள், சான்று பெற்ற பண்ணையின் புட்டி என்றால் அனுமதிக்கின்றன.

அந்தச் சான்றுக்கு என்ன செய்ய வேண்டும்? அமெரிக்க வேளாண் துறை நடத்தும் மந்தைச் சான்றுத் திட்டத்தில் சேரும் பண்ணை, எட்டடி உயர வேலி போட வேண்டும். ஒவ்வொரு மானுக்கும் அடையாள எண் இருக்க வேண்டும். ஒரு வயதைத் தாண்டிய எந்த மான் செத்தாலும் அதைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் நோய் இல்லாமல் கடந்தால்தான் சான்று. வாசனை தயாரிப்பாளர்கள் இதற்கு மேலும் தாங்களாகவே சில விதிகளை வகுத்துக்கொண்டார்கள். வெளி மான்களைப் பண்ணைக்குள் கொண்டுவருவதில்லை என்பது அதில் முக்கியமானது.

தடை வந்த இடங்களில் வேட்டைக்காரர்கள் மாற்று வழிக்குப் போனார்கள். ஆய்வகத்தில் தயாரித்த செயற்கை வாசனையை வாங்குகிறார்கள். அதில் விலங்கின் உடல் பொருள் எதுவும் இல்லை. அனுமதி உள்ள இடங்களில் இயற்கைச் சிறுநீரைப் பயன்படுத்துவோருக்கு, மண்ணில் ஊற்றாமல், மானின் நாக்கு எட்டாத உயரத்தில் திரியைத் தொங்கவிடும்படி அறிவுரை சொல்லப்படுகிறது. வாசனை காற்றில் போகும், பொருள் மண்ணில் சேராது.

நம் ஊரில் மானை வரவழைப்பது குற்றம்

இதைப் படித்துவிட்டு, கடலையையும் பயறையும் மேயும் புள்ளிமானை இப்படி வரவழைத்துப் பிடித்தால் என்ன என்று யாராவது நினைத்தால், உடனே அந்த நினைப்பை விட்டுவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே மான் வேட்டை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். கொல்வது மட்டும் வேட்டை அல்ல. பொறி வைப்பது, கண்ணி வைப்பது, இரை காட்டி வரவழைப்பது எல்லாமே அந்தச் சட்டத்தில் வேட்டை என்றுதான் வரும். மான் பயிரை அழித்தால் வனத்துறைக்குத் தகவல் கொடுத்து, படம் எடுத்து வைத்து, இழப்பீட்டுக்கு விண்ணப்பிப்பதே வழி.

நமக்குப் பயன்படுவது வாசனைப் பொருளைக் கையாளும் முறையில் உள்ள பாடம்தான். அதை நம் தொழுவத்துக்குப் பொருத்திப் பார்ப்போம்.

கோமியம் வாங்கும்போது கேளுங்கள்

பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், பூச்சிவிரட்டி என்று இயற்கை விவசாயத்தில் கோமியத்தின் தேவை கூடிவிட்டது. சொந்த மாடு இல்லாதவர்கள் லிட்டர் கணக்கில் விலைக்கு வாங்குகிறார்கள். நம் மாடுகளிடம் மான் மெலிவு நோய் இல்லை. அந்தப் பயம் வேண்டாம். ஆனால் சிறுநீர் வழியே பரவும் வேறு நோய்கள் நம் ஊரிலேயே உண்டு.

முதலில் எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ். இதன் கிருமி மாட்டின் சிறுநீரகத்தில் தங்கிவிடும். மாடு பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் சிறுநீரில் கிருமி வெளியேறும். காலில் உள்ள சிறு வெடிப்பு, கையில் உள்ள கீறல், கண், வாய் வழியாக அது மனிதருக்குள் போகும். கோமாரி வந்த மாட்டின் எச்சில், பால், சாணம், சிறுநீர் எல்லாவற்றிலும் அந்த வைரஸ் இருக்கும். அந்தக் கோமியம் இருக்கும் கேனை உங்கள் தொழுவத்துக்குள் கொண்டுவந்தால், நோயை நீங்களே சுமந்து வந்தது போலத்தான்.

எனவே கோமியம் வாங்குபவரும் விற்பவரும் கவனிக்க வேண்டியவை:

சொந்த மாட்டின் கோமியமே முதல் தேர்வாக இருக்கட்டும். அது போதவில்லை என்றால், உங்களுக்குத் தெரிந்த ஒரே வீட்டில் வாங்குங்கள். பல வீட்டுக் கோமியத்தை ஒரே பீப்பாயில் கலந்து விற்பதை வாங்க வேண்டாம்.

மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா, அண்மையில் காய்ச்சலோ கருச்சிதைவோ வந்ததா என்று கேளுங்கள். கன்று வீசிய மாட்டின் கோமியத்தைக் காரணம் தெரியும் வரை தொட வேண்டாம். கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி அரசுத் திட்டத்தில் இலவசமாகப் போடப்படுகிறது. அதைத் தவறவிடாதீர்கள்.

ஊக்கமருந்து, எதிர்உயிரி மருந்து, குடற்புழு நீக்க மருந்து கொடுத்துச் சில நாட்களே ஆன மாட்டின் கோமியத்தை ஒதுக்குங்கள். மருந்தின் ஒரு பகுதி சிறுநீரில்தான் வெளியேறும்.

வாங்கி வந்த கேனைத் தொழுவத்துக்குள் கொண்டுபோகாமல், வெளியிலேயே வைத்துக் கலவை தயாரியுங்கள். கையுறை போடுங்கள். கால் வெடிப்பு உள்ளவர்கள் வெறுங்காலோடு நிற்க வேண்டாம். வெளியிலிருந்து வந்த கோமியத்தில் தயாரித்த கரைசலைத் தீவனப் பயிருக்குத் தெளிக்காதீர்கள். பச்சையாகச் சாப்பிடும் கீரை, வெள்ளரி போன்றவற்றுக்கு அறுவடையை ஒட்டித் தெளிக்காதீர்கள்.

கிடா வாசனையைப் பயன்படுத்தலாம், இரவல் வேண்டாம்

வேட்டைக்காரர் மானை வரவழைக்கும் அதே வாசனை, ஆடு வளர்ப்பவருக்கு நேர்மையான வருமானம் தரும். கிடாவைப் பெட்டைகளின் கண்ணில் படாமல், வாசனையும் போகாமல், மூன்று, நான்கு வாரம் தனியே தள்ளி வையுங்கள். பிறகு மந்தையில் விடுங்கள். கிடாவின் வாசனை பட்டதும் பெட்டைகள் பலவும் ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் பருவத்துக்கு வரத் தொடங்கும். குட்டிகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறந்தால் தீவனம், தடுப்பூசி, விற்பனை எல்லாம் எளிது.

செயற்கை முறைக் கருவூட்டல் செய்பவர்களுக்கு இன்னொரு வழி. கிடாவின் கொம்புக்குப் பின்னால் உள்ள வாசனைச் சுரப்பிப் பகுதியில் ஒரு சுத்தமான துணியை நன்றாகத் தேய்த்து, மூடியுள்ள ஜாடியில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு பெட்டையிடமும் ஜாடியைத் திறந்து காட்டுங்கள். பருவத்தில் உள்ள பெட்டை வாலை ஆட்டிக்கொண்டு, கத்திக்கொண்டு ஜாடியை விடாமல் முகரும். கிடா வளர்க்கச் செலவு செய்ய முடியாத சிறு பண்ணைக்கு இது உதவும்.

ஆனால் அந்தத் துணி எந்தக் கிடாவுடையது என்பதில்தான் மான் கதையின் பாடம் வருகிறது. பக்கத்து ஊர்க் கிடாவை இரவல் வாங்குவதும், அதன் துணியை வாங்கி வருவதும், முன்பின் தெரியாத பண்ணையின் உடல் பொருளை உங்கள் மந்தைக்குள் விடுவதுதான். ஆட்டுக்கொல்லி நோய் புது ஆடு வழியாகத்தான் பெரும்பாலும் மந்தைக்குள் நுழைகிறது. கருச்சிதைவு நோய் உள்ள கிடா, சேர்க்கையின்போது பெட்டைக்கும் அதைக் கொடுத்துவிடும். அது பால், நஞ்சுக்கொடி வழியாக உங்களுக்கும் வரும்.

கிடா வாங்குவதாக இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்து வாங்குங்கள். வந்த கிடாவை 30 நாட்களாவது தனிக் கொட்டிலில், தனித் தண்ணீர்த் தொட்டியோடு வையுங்கள். தடுப்பூசி, குடற்புழு நீக்கம் முடிந்த பிறகு மந்தையில் விடுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே கிடாவைப் பொதுவாக வைத்துக்கொள்வதாக இருந்தால், அந்த நாலைந்து மந்தைகளையும் ஒரே மந்தையாக நினைத்துப் பரிசோதனை செய்ய வேண்டும். ஒரு மந்தையில் சந்தேகம் வந்தால் எல்லா இடத்திலும் நிறுத்த வேண்டும். நோய் அறிகுறி தெரிந்தால் அருகில் உள்ள கால்நடை மருந்தகத்துக்கோ, நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற எண்ணுக்கோ உடனே சொல்லுங்கள்.

செயற்கை வாசனை நமக்குப் புதிதல்ல

தடைக்குப் பிறகு அமெரிக்க வேட்டைக்காரர்கள் போன வழியை, நம் தென்னை, மா விவசாயிகள் ஏற்கெனவே பின்பற்றுகிறார்கள். தென்னந்தோப்பில் சிவப்புக் கூன்வண்டுக்கும் காண்டாமிருக வண்டுக்கும் வைக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் இருப்பது வண்டின் வாசனையைப் போலச் செய்த செயற்கைப் பொருள். மாந்தோப்பில் பழ ஈக்கு வைக்கும் மீத்தைல் யூஜினால் பொறியும் அப்படித்தான். உயிரினத்தின் உடலிலிருந்து எதுவும் வருவதில்லை. அதனால் அதோடு எந்த நோயும் வர வழியில்லை. வாசனை வேலை செய்கிறது. அது எங்கிருந்து வந்தது என்ற கவலை இல்லை.

உடலிலிருந்து வரும் பொருளுக்கு அந்த வசதி கிடையாது. கால்நடை வளர்ப்புத் துறையினரும் வேளாண் அலுவலர்களும் இயற்கை விவசாயக் குழுக் கூட்டங்களில் பஞ்சகவ்யம் தயாரிப்பு முறையைச் சொல்லும்போது, கோமியம் எந்த மாட்டினுடையது, அந்த மாட்டின் தடுப்பூசி அட்டை எங்கே என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்க வேண்டும். அமெரிக்க மாநிலங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியபோது பல காடுகளின் மண்ணில் நோய் ஏற்கெனவே படிந்துவிட்டிருந்தது. உங்கள் வீட்டுக்குள் கேனை இறக்கும் முன்பே நீங்கள் கேட்டுவிடலாம்.